சாமி கண்ணைக் குத்தாது

பிள்ளைக்குப் பேச்சு வந்து, பேச்சோடு கேள்வியும் வந்துவிட்ட வீடுகளுக்கு இதை எழுதுகிறேன். எத்தனை மாதத்தில் என்ன தடுப்பூசி, சளிக்கு என்ன மருந்து என்று சொல்ல டாக்டர் இருக்கிறார். பிள்ளையைப் பூஜை அறைக்குள் எப்படிக் கூட்டிப் போவது, அங்கே அது கேட்பதற்கு என்ன பதில் சொல்வது, சிரிப்பு வந்தால் எங்கே போய்ச் சிரிப்பது என்றெல்லாம் சொல்லத்தான் ஆளில்லை. மதுரையில் பிறந்து, மதுரைக்கே வாக்கப்பட்டு, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவள் நான். தோன்றியதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சாமியை வீட்டுப் போலீஸ் ஆக்காதீர்கள்.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத வீடு கிடையாது. எங்கள் பேரனுக்கு மூன்று வயதிருக்கும்போது, உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி வந்த இடத்தில் இதைச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றக் கூப்பிட்டால் பயல் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நிற்கிறான். கை காலெல்லாம் உள்ளே வர மறுக்கிறது. என்னடா என்று கேட்டால், காலண்டர் முருகனின் வேலைக் காட்டி, "அப்பத்தா, இதாலயா குத்துவாரு?" என்கிறான். அவ்வளவு கூரான ஆயுதத்தை ஒருத்தர் கையில் கொடுத்து, அவர் உன் கண்ணைக் குத்துவார் என்றும் சொல்லிவிட்டு, வந்து கும்பிடு என்றால் யார் வருவார்கள்?

மிரட்டுவதற்குப் பூச்சாண்டி இருக்கிறான். அவனுக்கு வேறு வேலையும் கிடையாது. சாமியை விட்டுவிடுங்கள். நம் பாட்டுக்காரர்கள் சாமியை வைத்துப் பிள்ளையை மிரட்டியவர்கள் இல்லை. சாமியையே பிள்ளையாக்கி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டுகிறார், குளிக்க வரச் சொல்லிக் கெஞ்சுகிறார், காது குத்த ஆசை காட்டுகிறார், தலை வாரும்போது காக்காயைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுகிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் தலை வாருகிற நேரத்தில் காக்காயைக் காட்டுகிற வேலை நமக்குத் தீரவில்லை. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னால் அரங்கேற்றியபோது, அம்மனே சின்னப் பெண்ணாக வந்து உட்கார்ந்து கேட்டாள், ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டாள் என்று எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். அம்மனே சிறுபிள்ளையாக வந்து பாட்டுக் கேட்ட ஊரில் இருந்துகொண்டு சாமி பேரைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2. பிள்ளை கேட்கிற கேள்விக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, கன்னத்துல போட்டுக்கோ" என்பது பதில் தெரியாத பெரியவர்கள் கண்டுபிடித்த வழி. மீனாட்சி கோவில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாற்றி நிற்பார். எல்லா ஊரிலும் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். என் பேத்தியைக் கூட்டிப் போனபோது, அவள் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு, "கால் வலிக்குமே அப்பத்தா, மாத்திக்க மாட்டாரா?" என்றாள். பின்னால் நின்ற ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

அவர் திருவிளையாடல் படித்திருந்தால் சுளித்திருக்க மாட்டார். ராஜசேகர பாண்டியனும் இதையேதான் கேட்டான். பரதம் கற்றுக்கொண்டபோது கால் கடுத்த கடுப்பில், நமக்கே இப்படி இருக்கிறதே, காலங்காலமாக ஒரே காலில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று தவித்துப்போய், காலை மாற்றி ஆடச் சொல்லி அழுதான். சாமியும் மாற்றிக்கொண்டார். ராஜா கேட்டால் புராணம், நான்கு வயதுப் பெண் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமா?

பதில் தெரியாத கேள்வியும் வரும். "சாமிக்கு யாரு சாமி?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "தெரியலடா தங்கம். நீ பெரியவனாகிக் கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு" என்பேன். அதில் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

3. படையல் நாளில் பிள்ளைக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

"குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே" என்று வாய் நிறையச் சொல்வோம். சொல்லிவிட்டு, பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டைக்கு நீளும் சின்னக் கையைத் தட்டிவிடுவோம். பூரண வாசனை காலையிலிருந்து வீட்டைச் சுற்றுகிறது. பூஜை முடிய மத்தியானம் ஆகிறது. பிள்ளை எப்படிப் பொறுக்கும்? அடுப்பிலிருந்து இறக்கும்போதே நாலைக் கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் என் பேரைச் சொல்லுங்கள். பிள்ளையாரைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீனாட்சி கோவிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையாருக்கு அன்றைக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைக்கிறார்கள். அவர் பட்டினி கிடக்க மாட்டார்.

படைத்ததைச் சாமி ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். திருநாரையூர் நம்பியின் கதையை அப்போது சொல்லலாம். அப்பா ஊருக்குப் போன நாளில் பூஜை செய்யப் போன பையன், படைத்ததைப் பிள்ளையார் நிஜமாகவே சாப்பிடுவார் என்று காத்திருக்கிறான். சாப்பிடவில்லை. நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் போல என்று கல்லில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறான். பொல்லாப் பிள்ளையார் மனசு இளகிச் சாப்பிட்டுவிடுகிறார். அந்தப் பையன்தான் வளர்ந்து திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. ஆனால் கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். எங்கள் வீட்டில் இதைக் கேட்ட மறுநாள், பிள்ளையார் வாயில் பருப்பு சாதத்தை அப்பியிருந்தது. பித்தளை விக்கிரகம். துலக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

4. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கும்பிடக் கற்றுக்கொண்ட புதிதில் பிள்ளை எதைக் கண்டாலும் கும்பிடும். ரவுண்டானாவில் நிற்கும் தலைவர் சிலை, ஜவுளிக்கடை வாசலில் பட்டுப் புடவை கட்டி நிற்கும் பொம்மை, எல்லாம் அதற்குச் சாமிதான். கடைப் பொம்மைக்கு முன்னால் என் பேரன் கண்ணை மூடி நின்றபோது, கடைக்காரப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் வந்து தானும் கும்பிட்டான். அந்தப் பையனைப் பெற்றவள் நன்றாயிருக்க வேண்டும்.

சாமியோடு சிரிக்கிற கதைகளை நிறையச் சொல்லுங்கள். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. வைகைக் கரையை அடைக்க வந்த சிவன், வந்திக் கிழவியிடம் உதிர்ந்த புட்டை வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கிப் பிரம்படி வாங்கினார். ஆவணியில் புட்டுத் திருவிழா நடக்கிற நாளில் புட்டை அவித்துக் கையில் கொடுத்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும். "சாமியே அடி வாங்குனாரா!" என்று பிள்ளைக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பட்ட அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்ற இடம் வரும்போது அதுவே முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

5. கோவிலுக்குப் போகுமுன் வயிறும் மூத்திரப்பையும்.

முன்னதை நிரப்பி, பின்னதைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டுப் பாவாடை வேண்டாம், பருத்தி போதும். கூட்ட நாளில் ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்கட்டும். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு சிவபாத இருதயர் தண்ணீருக்குள் முங்கினார். அந்தப் பிள்ளை ஞானசம்பந்தர், அழுததும் அம்மையே பால் கொண்டுவந்தாள். உங்கள் முறை வரும்போதும் வருவாள் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

6. கதையை ஒரு வயதில் சொல்லுங்கள், சரித்திரத்தை இன்னொரு வயதில் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கைக் கல்யாணத்துக்காக அழகர்கோவிலிலிருந்து கிளம்பி வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவதற்குள் மீனாட்சி கல்யாணம் முடிந்துவிட்டது. கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆற்றில் இறங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இதைக் கேட்ட பேரன், "பத்திரிகையில முகூர்த்த நேரம் போட்டிருக்குமே, பாக்கலையா?" என்றான். வருஷா வருஷம் இதே ஆள் இதே மாதிரி லேட்டாக வருவதை அவனால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "அடுத்த வருசம் நாம போன் பண்ணிச் சொல்லிருவோம்."

நாலு வயதுக்கு இது போதும். பத்து வயதானபோது அவனே, "ரெண்டு திருவிழாவும் ஏன் அப்பத்தா ஒண்ணா வருது?" என்று வந்தான். அப்போது சரித்திரத்தைச் சொன்னேன். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணம் சித்திரைக்கு வந்தது, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரும் மதுரைப் பக்கம் வந்தார் என்பார்கள். சைவக் கூட்டமும் வைணவக் கூட்டமும் ஒரே ஆற்றங்கரையில் நிற்க ஒரு ராஜா போட்ட கணக்கு. "அப்ப அண்ணன் கோவிச்சுக்கிட்டது பொய்யா?" என்றான். பொய்யில்லை, அது கதை, இது நடந்தது, ரெண்டும் நம்ம ஊருதான் என்றேன். பத்து வயதுப் பையனுக்கு அது பிடிபட்டது. பெரியவர்களில் சிலருக்குத்தான் பிடிபடுவதில்லை.

திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பிள்ளை பார்த்துவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் யாருடைய துணியும் காயாது. தயாராக இருங்கள்.

7. குலசாமி கோவிலுக்குக் கிடாயோடு பிள்ளையை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

மொட்டையும் காது குத்தும் குலசாமி கோவிலில்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கிக் காது குத்துவார்கள். பிள்ளை கத்தும். மாமன் சீர் கொண்டுவந்த பெருமை எல்லாம் அந்தக் கத்தலில் கரைந்துபோகும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பிள்ளையும் கத்தும், அஞ்சு நிமிஷத்தில் மிட்டாய்க்குச் சமாதானமாகும். கிடா விஷயம் அப்படி இல்லை.

சின்ன மகன் வீட்டுக் காது குத்துக்குப் போனபோது, மூத்த பேரன் டெம்போவில் கிடாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டே வந்தான். பேரும் வைத்துவிட்டான். கோவிலில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்த்தது. எல்லோரும் குலவை போட்டார்கள். அவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "குளிச்சிட்டு வந்தா நானும் சிலுத்துக்குவேனே அப்பத்தா" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் போய்விட்டேன். அங்கே அவன் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். அந்த ஆட்டை வெட்டுவார்கள், சமைப்பார்கள், ஊரெல்லாம் சாப்பிடும், நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் என்றேன். ஆடு ஊருக்குப் போய்விட்டது, சாமி அதைத் தன்னோடு வைத்துக்கொண்டது என்றெல்லாம் சோடித்துச் சொல்லலாம். சாயங்காலமே யாராவது ஒரு சித்தப்பா உண்மையைச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் பிள்ளை நம்பாது, சாமியைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து. பந்தியில் அவன் ரசம் சோறு மட்டும் தின்றான். பிரசாதம், தின்னாவிட்டால் குத்தம் என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் எழுந்து வேறு பந்திக்குப் போய்விட்டாள். பிள்ளையின் இலையில் எது விழ வேண்டும் என்பதில் குலசாமிக்கே இல்லாத பிடிவாதம் நமக்கு எதற்கு?

8. செத்தவர்களைச் சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லாதீர்கள்.

ஆறுதலாகத்தான் சொல்கிறோம். பிள்ளை காதில் அது வேறாக விழுகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர் போனபோது யாரோ இப்படிச் சொல்ல, பேத்தி அதற்குப் பிறகு கோவிலுக்கு வர அழுதாள். வந்தால் தன்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று பயம். தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது, இனிமேல் வர மாட்டார், எங்களுக்கும் அழுகை வருகிறது என்று நேராகச் சொன்ன பிறகுதான் தெளிந்தாள். "சரி, அப்ப அவர் நாற்காலி எனக்கு" என்றாள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், வரும், போகும், நடுவில் நாற்காலி கேட்கும்.

அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பதில் எச்சரிக்கை வேண்டும். "தாத்தா காக்காயா வந்து சாப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டீர்களானால், மொட்டை மாடியில் பத்துக் காக்காய் இறங்கும்போது இதில் எது தாத்தா என்று காட்டியாக வேண்டும். ஒரு காக்காய் இன்னொன்றைக் கொத்தி வடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. "அதான் தாத்தா!" என்றாள். வடை விஷயத்தில் அவள் சொன்னது ரொம்பச் சரி. அதற்கு மேல் நான் மறுக்கவில்லை.

9. பக்கத்து வீட்டுச் சாமிக்கும் மரியாதை கற்றுக்கொடுங்கள்.

தனியாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, நீங்கள் கெடுக்காமல் இருந்தாலே போதும். எதிர் வீட்டு ரோஸி டீச்சரம்மா வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாப்பாடு. அங்கேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்த பேரன், எங்கள் வீட்டில் சஷ்டி கவசம் முடிந்ததும் சத்தமாக "ஆமென்" சொன்னான். என் மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கற்பூரத்தைப் பார்த்தேன். விட்டுவிட்டோம். பள்ளிக்கூடம் சேர்ந்து கொஞ்ச நாளில் எது எங்கே என்று அவனுக்கே புரிந்துவிட்டது.

என் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் பயந்த காய்ச்சல் வந்தால், சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசலில் தூக்கிக்கொண்டு நிற்பேன். வெளியே வருகிற பாய்மார்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். என்ன சாதி, என்ன சாமி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மாத்திரையும் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு இன்றைக்கும் என் பேரன்தான் ஓடுகிறான்.

10. வந்தவர்கள் முன்னால் சுலோகம் சொல்லச் சொல்லாதீர்கள்.

செல்போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பவும் வேண்டாம். பிள்ளை தானாகப் பாடினால் கேளுங்கள். அவ்வளவுதான்.

11. நேர்த்திக்கடனை உங்கள் தலையில் வையுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நமக்கு வாய் சும்மா இருக்காது. பழனிக்கு முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொள்வோம். இறக்குவது யார் முடியை? பிள்ளையின் முடியை. அதனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? காய்ச்சல் பட்டதும் அது, பத்தியம் இருந்ததும் அது, மொட்டையும் அதற்கேவா? போன வருஷம் சின்னப் பேரனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மகன் பழனியாண்டவனுக்கு வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தான். உன் தலையை நேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டேன். "ஆபீஸ்ல மீட்டிங் இருக்கும்மா" என்றான். அவனுக்கும் எல்.கே.ஜி. இருக்குடா என்றேன்.

பிள்ளை தேறினான். எல்லோருமாகப் பழனிக்குப் போனோம். மகன் முடியிறக்கி, சந்தனம் பூசி, வெயிலில் வந்து நின்றான். சின்னவன் தோளில் ஏறி அந்த மண்டையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"முடிய சாமி என்னப்பா பண்ணுவாரு?"

"கோவில்ல ஏலம் விடுவாங்கடா."

"யாரு வாங்குவா?"

"தலையில முடி இல்லாதவங்க."

சின்னவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப நீயே வாங்கிக்கப்பா."